பதினோராவது சீட்டு

“தெரியாம வெறும் தாளைக் குடுத்தியா, தெரிஞ்சே குடுத்தியா?”

ஒன்பதாம் வகுப்பில் வேதியியல் ஆசிரியை சௌரே அபாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. வயதில் மூத்த பெண்களை நாங்கள் அபாய் என்போம். வேதியியல் தேர்வு முடிந்த மறுநாள். அவர் கையில் இருந்த தாளில் கம்சாத் என்ற என் பெயரைத் தவிர ஒரு எழுத்தும் இல்லை. விடைகள் எனக்குத் தெரியும். தேர்வுக்கு முந்தின நாள் மாலை அவை எல்லாவற்றையும் என் சொந்த நோட்டில் எழுதிப் பார்த்திருந்தேன். தேர்வு அறையில் உட்கார்ந்ததும் முதல் கேள்வியில் ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. எழுதினால் தப்பாகலாம். ஒன்றுமே எழுதாதவளை யார் தப்பு என்று சொல்ல முடியும் என்று அன்றைக்குத் தோன்றியது.

அபாய்க்கு நான் பதில் சொல்லவில்லை. வகுப்பு சிரித்தது. அந்த வசந்த விடுமுறைக்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா இறந்த வருடம் அது, அதனால் யாரும் காரணம் கேட்கவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து, எங்கள் தராஸ் நகரப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ரொட்டிக் கடையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு இலையுதிர் காலத்தில் நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு கொலை வழக்குக்கு ஜூரியாகக் குலுக்கலில் என் பெயர் விழுந்திருந்தது. அண்ணி அதை அடுப்படியில் நின்று உரக்கப் படித்தாள்.

“இவளா? பக்கத்து வீட்டுல உப்பு கடன் கேக்கச் சொன்னா, அரை மணி நேரம் வாசல்ல நின்னுட்டு உப்பில்லாம வர்றவ. இவ போய் ஒருத்தனுக்கு ஜெயிலா வீடான்னு சொல்லப்போறா.”

அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். எப்படியும் என்னை எடுக்க மாட்டார்கள் என்று நம்பித்தான் போனேன்.

எடுத்துவிட்டார்கள். அரசு வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலும் ஆளுக்குச் சிலரைத் தள்ளிவிடலாம். இருவரும் அதிகம் பேசியவர்களைத் தள்ளினார்கள். எந்தக் கேள்விக்கும் தலையை மட்டும் ஆட்டியவளைத் தள்ள அவர்களுக்குக் காரணம் கிடைக்கவில்லை. அன்று மத்தியானத்துக்குள் பத்து பேரில் ஒருத்தியாக, சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

வழக்கு இதுதான். தோலேகென் என்ற இருபத்தாறு வயதுக் குதிரை மேய்ப்பன், அந்த வருடம் பிப்ரவரி மாதம் மலையடிவாரக் குளிர்காலக் குடிலில் தலையில் அடிபட்டுச் செத்துக்கிடந்தான். பதினொரு பெண் குதிரைகளைக் காணவில்லை. அவை கடைசிவரை கிடைக்கவும் இல்லை. குற்றம் சாட்டப்பட்ட மக்சூத் சின்ன லாரி வைத்துக் கால்நடை ஏற்றுகிறவன். தோலேகெனுக்குத் தெரிந்தவன், குடிலுக்குப் போய் வந்தவன். குடில் பக்கம் அவன் லாரியைப் பார்த்ததாகச் சொன்ன ஒரே சாட்சி, எந்த நாள் என்பதில் குழம்பினார். மக்சூதின் கைப்பேசி இரண்டு நாள் அணைந்திருந்தது. குளிரில் பேட்டரி செத்துவிட்டது என்றான். எங்கள் ஊர்க் குளிரில் அது யாருக்கும் நடப்பதுதான்.

மீதி இருந்தது ஒரு பிளாஸ்க்.

மக்சூதின் வீட்டு அலமாரியில் அது கிடைத்தது. நீல நிற பிளாஸ்க், மேலே கையால் தைத்த கம்பளி உறை. தோலேகெனின் அம்மா கலாம்காஸ், சாட்சிக் கூண்டில் நின்று அது தன் மகனுடையது என்றார். ஜனவரி கடைசியில் தன் பிறந்தநாளுக்கு அவன் வீட்டுக்கு வந்தபோது பழைய உறை கிழிந்திருந்ததால் புதிதாகத் தைத்துக் கொடுத்தேன் என்றார். அதை எடுத்துக்கொண்டு குடிலுக்குப் போனவன்தான், திரும்பி வரவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் இளைஞர், மரியாதையாகத்தான் கேட்டார். இந்த மாதிரி உறை எல்லா வீட்டிலும் இருக்கிறதே, உங்களுடையது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று.

“உறையைத் திருப்பிப் பாருங்க. உள் தையல்ல கடைசி ஆறு முடிச்சு சிவப்பு நூல்ல இருக்கும். வெள்ளை நூல் தீர்ந்துபோச்சு. கடைக்குப் போக வழியில்ல.”

நீதிமன்ற எழுத்தர் உறையை உருவித் திருப்பினார். வெள்ளைத் தையலின் முடிவில் ஆறு சிவப்பு முடிச்சுகள். நானே எண்ணினேன்.

உடனே மக்சூதின் பேச்சு மாறியது. பிளாஸ்க் தோலேகெனுடையதுதான், ஆனால் முந்தின அக்டோபரிலேயே அவன் தனக்குக் கொடுத்துவிட்டான் என்றான். அதற்கு முன் அவன் மனைவி அதைச் சந்தையில் வாங்கியதாகச் சொல்லியிருந்தாள். பயத்தில் உளறிவிட்டாள் என்றார் வக்கீல். தாய் உறை தைத்தது உண்மை, எப்போது தைத்தார் என்பதை மட்டும் துக்கத்தில் மாற்றி நினைக்கிறார் என்றும் சொன்னார். ஜனவரியா, அக்டோபரா? ஜனவரி என்றால் செத்தவனின் பொருள் அந்த அலமாரிக்கு வர ஒரே ஒரு வழிதான். அக்டோபர் என்றால் மக்சூத் வீட்டுக்குப் போகலாம். அந்தத் தாயின் சொல்லை நம்புவதா வேண்டாமா என்பதில் எல்லாம் வந்து நின்றது.

எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. கடைக்குப் போக வழியில்லை என்று அவர் சொன்னதை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. ஏன் வழியில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய கிராமம் எனக்குத் தெரியும், எங்கள் கடைக்கு அங்கிருந்து ஆட்கள் வருவார்கள். அக்டோபரில் அங்கே சாலை காய்ந்து கிடக்கும். நூல் வேண்டுமென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு போய் வாங்கி வரலாம். ஜனவரி கடைசி வாரம் விழுந்த பனியில் அந்தப் பக்கத்துப் பேருந்துகள் நான்கு நாள் வரவில்லை. எங்கள் கடையில் ரொட்டி மீந்துபோய் முதலாளி தில்பார் அபாய் திட்டிக்கொண்டே இருந்தார். வெள்ளைத் தையலை யாரும் ஆசைப்பட்டுச் சிவப்பில் முடிக்க மாட்டார்கள். பனி வாசலை அடைத்த நாளில்தான் முடிப்பார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் நோட்டில் எழுதினேன். மாவு மூட்டைக்குப் பின்னால் என் நோட்டுகள் இருக்கின்றன. வழக்கு நடந்த ஒன்பது நாளும், நினைவில் இருந்ததை அங்கே உட்கார்ந்து எழுதினேன். எழுதுவது எனக்குச் சிரமமே இல்லை.

பத்தாவது நாள் எங்களை ஆலோசனை அறைக்குள் விட்டுக் கதவை மூடினார்கள். நாங்கள் பத்து பேர், எங்களோடு நீதிபதி அம்மா, ரைஹான் ஹானிம். எங்கள் நாட்டு வழக்கம் அது. நீதிபதியும் ஜூரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே மாதிரிச் சீட்டில் எழுதி, ஒரே பெட்டியில் போட வேண்டும். அவருடைய சீட்டுக்கும் என்னுடையதற்கும் எடை ஒன்றுதான்.

இது விதாலி பெத்ரோவிச்சுக்குப் பிடிக்கவில்லை. ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய தங்கை ரஷ்யாவில் பர்னாவுலில் ஜூரியாக இருந்தாளாம்.

“அங்க நீதிபதி இந்த அறை வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. எட்டுப் பேர், அவங்களுக்குள்ள பேசிப்பாங்க. நாலுக்கு நாலு ஆயிட்டா ஆளை விட்டுடணும். இங்க பாருங்க, நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி உங்க புருவம் எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்க வேண்டியிருக்கு, ஹானிம்.”

நீதிபதி சிரித்துவிட்டார். “என் புருவம் வயசாகித் தொங்குது விதாலி பெத்ரோவிச். அதை நம்பி யாரையும் ஜெயிலுக்கு அனுப்பாதீங்க.”

டாக்சி ஓட்டும் ஜனாத் ஆறு வருடம் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருந்தவன். அங்கே பன்னிரண்டு பேரும் ஒரே வார்த்தை சொல்ல வேண்டும் என்றான். ஒரு ஆள் முறுக்கிக்கொண்டால் எல்லாம் நின்றுபோகும், புது ஜூரி வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். “அந்த ஒரு ஆள் எங்க பெரியப்பா மாதிரி இருந்தா, கேஸ் முடியறதுக்குள்ள எல்லாருக்கும் பென்ஷன் வந்துடும்.”

ராவுசா அபாய் தையல்காரி. அவருடைய அக்கா எல்லைக்கு அந்தப் பக்கம், கிர்கிஸ் நாட்டில் வாழ்கிறாள். “அங்கயும் ஜூரி வரும் வரும்னு எத்தனையோ வருஷமா சொல்றாங்களாம். சட்டத்துல இருக்கு, நாற்காலியில ஆள் இல்ல. எங்க அக்கா மருமகன் வேலைக்குப் போற கதைதான்.”

எல்லோரும் சிரித்தோம். தேநீர் வந்தது. எழுந்து முதலில் ஊற்றத் தொடங்கியவள் நான். கைக்கு வேலை இருந்தால் யாரும் பேச்சை என்னிடம் திருப்ப மாட்டார்கள்.

அப்போதுதான் நீதிபதி ஸ்காட்லாந்தைப் பற்றிச் சொன்னார். ஏதோ பயிற்சிக்கு அங்கே போயிருந்தாராம். பதினைந்து பேர் ஜூரி, எட்டுப் பேர் சொன்னால் போதும். குற்றவாளி, குற்றவாளி இல்லை என்ற இரண்டோடு, ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று மூன்றாவதாக ஒரு பதிலும் அங்கே ரொம்பக் காலம் இருந்தது என்றார். முடிவு எடுக்க முடியாதவர்களுக்கு அது வசதியாக இருந்தது. அந்தப் பதில் வந்தாலும் ஆள் வீட்டுக்குப் போய்விடுவான். நம்மிடம் அப்படி ஒரு பதில் கிடையாது, ஆமாம் என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுங்கள் என்று முடித்தார்.

அவர் முழுவதையும் சொன்னார். என்னிடம் தங்கியது முதல் பாதி மட்டும். ஒரு நாட்டில் மூன்றாவது பதில் இருந்தது. என்னைப் போன்றவர்களுக்காக யாரோ யோசித்துச் சட்டத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். கெண்டியைக் கையில் பிடித்தபடி அந்தப் பதினைந்து பேரில் ஒருத்தியாக என்னை நினைத்துப் பார்த்தேன். அங்கே நான் கூச்சமில்லாமல் இருந்திருப்பேன் என்று தோன்றியது.

பிறகு பிளாஸ்க்கைப் பற்றிப் பேசினோம். அம்மாவுக்குத் தேதி மறக்காது என்றார் ராவுசா அபாய். தன் அம்மாவுக்குத் தன் பெயரே மறந்துபோகும், தம்பி பெயரில்தான் கூப்பிடுவாள் என்றான் ஜனாத். விதாலி பெத்ரோவிச் பெருமூச்சு விட்டார். பையனைப் பறிகொடுத்தவள் எந்த மாதத்தையும் ஜனவரி என்றுதான் சொல்வாள், அவளைக் குறை சொல்லவில்லை, ஆனால் அதை வைத்து ஒருவனை இருபது வருடம் உள்ளே தள்ள முடியுமா என்றார். ஒவ்வொருவரும் ஜனவரி, அக்டோபர் என்று மாறி மாறிச் சொன்னார்கள். யாராவது அந்தச் சிவப்பு நூலைக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று கோப்பையைக் கீழே வைத்தேன். ஜனாத் அதைப் பார்த்துவிட்டான்.

“என்ன கம்சாத், ஏதோ சொல்ல வர்ற?”

பத்து முகங்கள் என் பக்கம் திரும்பின. அதில் நீதிபதியுடையதும் ஒன்று. கரும்பலகை முன்னால் நிற்பது போல இருந்தது.

“ஒண்ணுமில்ல. சர்க்கரை வேணுமான்னு கேக்க வந்தேன்.”

“நாலு மணி நேரத்துல இந்தப் பொண்ணு பேசின முதல் பேச்சு, அதுவும் சர்க்கரை. என் டாக்சியில இப்படி ஒரு ஆள் ஏறினா, எங்க இறக்கணும்னே தெரியாம அடுத்த நகரம் சிம்கெந்து வரைக்கும் போயிடுவேன்.”

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். நான் சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன். அதோடு அந்த நூல் போயிற்று.

சீட்டு கொடுத்தார்கள். நீதிமன்ற முத்திரை குத்திய சின்னத் தாள். மேலே அச்சில் ஒரு வரி: ‘என் மானத்தின்படியும் மனசாட்சியின்படியும் என் முடிவு’. கீழே இடம் காலி. முதல் கேள்வி, கொலை நடந்தது நிரூபணமாயிற்றா? ஆமாம் என்று எழுதினேன். பதினொரு சீட்டிலும் ஆமாம்தான் வந்தது. இரண்டாம் கேள்விக்குப் புதுச் சீட்டு. அதைச் செய்தவர் மக்சூத் என்பது நிரூபணமாயிற்றா?

அறையின் மூலையில் தடுப்பு ஒன்று வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய் எழுத வேண்டும். நான் ஒன்பதாவதாகப் போனேன். பேனாவைப் பிடித்தேன். ஆமாம் என்பதுதான் என் முடிவு. அதில் சந்தேகம் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் எழுதுவது என்றால் நான், கம்சாத், ஒருவனை இருபது வருடம் உள்ளே வைக்கிறேன் என்றாகும். முன் வரிசையில் அவனுடைய மனைவி தினமும் ஒரே சாம்பல் நிற மேல்கோட்டில் உட்கார்ந்திருந்தாள். எழுதிய பிறகு ஒருநாள் அது தப்பு என்று யாராவது வந்து சொன்னால்? இங்கே அமெரிக்கா மாதிரி எல்லோரும் ஒரே சொல் சொல்லத் தேவையில்லையே, ஆறு பேர் போதுமே என்று நினைத்தேன். ராவுசா அபாய் எழுதுவார். நீதிபதி எழுதுவார். அவர்கள் முடிவு செய்யட்டும். நான் அந்த ஸ்காட்லாந்துக்காரியாக இருந்துகொள்கிறேன்.

தாளை நான்காக மடித்துப் பெட்டியில் போட்டேன். மனம் லேசானது. அதை மறைக்க விரும்பவில்லை. பெட்டியிலிருந்து நாற்காலிக்கு நடந்துவந்த அந்த ஆறேழு அடி தூரம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

நீதிபதி எங்கள் எல்லோர் முன்னிலையிலும் பெட்டியைத் திறந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஆமாம் வலது பக்கம். இல்லை இடது பக்கம். எட்டாவது சீட்டு வெறுமையாக இருந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மேசையின் நடுவில் வைத்தார். மீதி மூன்றும் பிரித்தபோது வலது பக்கம் ஐந்து, இடது பக்கம் ஐந்து.

நடுவில் என் தாள் மட்டும் கிடந்தது.

“முதல் நாளே உங்களுக்குச் சொல்லியிருக்கேன்,” என்றார் ரைஹான் ஹானிம். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “வெறும் சீட்டு குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் சேரும்.”

அவர் அதை எடுத்து இடது பக்கம் வைத்தார். ஐந்து, ஆறு.

நான் எழுந்து, அது என்னுடையது, நான் எழுத வந்தது வேறு என்று சொல்லியிருக்கலாம். ஓட்டு ரகசியம், போட்ட சீட்டை மாற்ற முடியாது என்று பதில் வந்திருக்கும். ஆனாலும் சொல்லியிருக்கலாம். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டுகளை ஒரு உறையில் போட்டு ஒட்டி, அரக்கு வைத்தார்கள்.

விதாலி பெத்ரோவிச் ‘இல்லை’ எழுதியவர் என்று எனக்குப் படுகிறது. அவர் நினைத்தபடிதான் முடிந்தது. ஆனால் அவருக்குத்தான் ஆத்திரம் அதிகமாக இருந்தது.

“என் தங்கச்சி ஊர்ல நாலுக்கு நாலுன்னா, அந்த எட்டுப் பேரும் எழுதியிருப்பாங்க. ஜனாத் இருந்த ஊர்ல புதுசா விசாரிப்பாங்க. இங்க ஒரு ஆள் எழுதாம ஒருத்தனை விடுதலை பண்ணியிருக்காங்க. இல்லைன்னு எழுதியிருந்தா நான் கையைக் குலுக்கியிருப்பேன். ஆமான்னு எழுதியிருந்தாலும் குலுக்கியிருப்பேன்.”

ராவுசா அபாய் அழுதுகொண்டிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அதனால் என்னையும் யாரும் பார்க்கவில்லை.

தீர்ப்பைக் கூடத்தில் வாசித்தபோது மக்சூதின் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். கலாம்காஸ் எழுந்து நிற்கவேயில்லை. எல்லோரும் வெளியே போன பிறகும் அவர் தன் கைப்பையின் வாரை ஒரு முழங்கையிலிருந்து மற்றதற்கு மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து, முதல் நாள் எழுதிய பக்கத்தைத் தேடினேன். இருந்தது. என் கையெழுத்து, நேரான வரிகள். ‘பெட்டியில் விழும் வெறும் தாள் அவன் பக்கம் சேருமாம். பாவம், வெறும் தாளுக்குக்கூட ஒரு பக்கம் இருக்கிறது.’ அப்படித்தான் எழுதியிருந்தேன். எழுதிவிட்டு நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்ததும் ஞாபகம் வந்தது.

அப்படியென்றால் எனக்குத் தெரியும். தடுப்புக்குப் பின்னால் நின்றபோது மறந்திருந்தேனா, மறந்தது போல இருந்தேனா என்று டிசம்பர் முழுவதும் யோசித்தேன். சௌரே அபாய் கேட்டதும் இதுதான். இப்போதும் விடை எழுதவில்லை.

பிப்ரவரி முதல் வாரம் தில்பார் அபாய் கடைச் சுவரில் ஒட்டும் ஆர்டர் தாளில் புதிய வரி ஒன்று இருந்தது. ‘கலாம்காஸ், வருட நினைவு விருந்துக்கு நாற்பது ரொட்டி, வெள்ளி காலை.’ அந்தக் கிராமத்தின் பெயரும் பக்கத்தில் இருந்தது. மேய்ப்பன் இறந்து ஒரு வருடம்.

வெள்ளிக்கிழமை என் இடத்தில் வேறு ஆளை மாற்றிக்கொண்டிருக்கலாம். கேட்டால் தில்பார் அபாய் மாற்றியிருப்பார். தடுமன் என்று சொன்னால் போதும். வியாழக்கிழமை மூன்று தடவை அவர் அருகில் போய் நின்றேன். மூன்றாவது தடவை அவரே, “என்னம்மா, பூனை மாதிரி காலைச் சுத்துற, ஏதாவது வேணுமா?” என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன். அந்த ஒரு தடவை, ஒன்றும் வேண்டாம் என்பதை நான் மனதாரத்தான் சொன்னேன்.

காலை எட்டரைக்கு அவர் வந்தார். அதே கைப்பை. வெளியே ஒரு பழைய கார் எஞ்சினை நிறுத்தாமல் நின்றது. நாற்பது ரொட்டிகளையும் இரண்டு வெள்ளைத் துணி மூட்டைகளில் கட்டி மேசைமேல் வைத்திருந்தேன். சூடு துணியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அவர் மேல் மூட்டையின் முடிச்சைத் தளர்த்தி, ஒரு ரொட்டியை எடுத்து முகர்ந்தார்.

“நல்லா வெந்திருக்கு மகளே,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிந்த தலையைத்தான் ஒன்பது நாள் சன்னலோர நாற்காலியில் அவர் பார்த்திருக்கிறார்.

“நீ அங்க உக்காந்திருந்த பொண்ணுதானே.”

“ஆமா அபாய்.”

அவர் ரொட்டியைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் வெளியே நின்ற காரைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“அந்த பிளாஸ்க்கை அவன்கிட்டயே குடுத்துட்டாங்க. அவனோடதுன்னு ஆயிடுச்சாம்,” என்றார். “உன்னை ஒண்ணு கேக்கணும். நீங்கள்லாம் வெளிய சொல்லக் கூடாதுன்னு தெரியும். என் பையன் சமாச்சாரம், அதான் கேக்குறேன். நான் பொய் சொல்றேன்னு நினைச்சியா?”

“இல்ல அபாய். நம்பினேன்.”

அவர் கண் என் முகத்திலேயே நின்றது.

“கடைக்குப் போக வழியில்லைன்னு சொன்னீங்க. பனியாலதானே? அந்த நாலு நாள் பஸ் வரல. அதனாலதான் சிவப்பு நூல். அக்டோபரா இருந்தா வெள்ளை நூல் வாங்கியிருப்பீங்க.”

பத்து பேர் முன்னால் வராத வார்த்தைகள் அத்தனையும் வரிசையாக, திக்காமல் வந்தன. சாட்சி சொன்ன நாளிலிருந்து யாராவது இதைச் சொல்வார்களா என்று கலாம்காஸ் காத்திருந்தார் போலும். அவர் கை நீண்டு மேசையின் மேல் என் கையைத் தொட்டது. சுடச்சுட இருந்த ரொட்டியைப் பிடித்திருந்ததால் சூடாக இருந்தது.

“அதேதான் மகளே. வாசல்ல இடுப்பளவு பனி. யாரும் கேக்கலையே. நீ ஒருத்தி நம்பினியே, அது போதும் எனக்கு. ஆமான்னு எழுதினவங்க அப்போ ஒருத்தராவது இருந்திருக்கீங்க.”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் நிம்மதியாகப் போயிருப்பார். மூட்டைகளைக் கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு, நானும் நிம்மதியாக வந்திருக்கலாம். கை என் கைமேல்தான் இருந்தது.

“நான் எழுதல அபாய்.”

அவருக்குப் புரியவில்லை.

“அஞ்சு பேர் ஆமான்னு எழுதினாங்க. அஞ்சு பேர் இல்லைன்னு எழுதினாங்க. நான் ஒண்ணும் எழுதாம வெறும் தாளைப் போட்டேன். வெறும் தாள் அவன் பக்கம் போயிடும். எனக்குத் தெரியும்.”

தெரியும் என்று சொன்ன பிறகுதான் அதைச் சொல்லிவிட்டேன் என்பது உறைத்தது. வெளியே காரோட்டி ஒரு தடவை ஹாரன் அடித்தான்.

கலாம்காஸ் தன் கையை எடுத்துக்கொண்டார். மெதுவாகத்தான் எடுத்தார். மற்றக் கையில் இருந்த ரொட்டியைப் பார்த்தார். அது தலைகீழாக இருந்தது. எங்கள் ஊரில் ரொட்டியைக் குப்புற வைக்க மாட்டோம். அவர் அதைத் திருப்பி, சுடும்முன் குத்திய பூ முத்திரை மேலே தெரியும்படி மற்ற ரொட்டிகளின் மேல் வைத்தார். துணியை இழுத்து மூடி, தான் தளர்த்திய முடிச்சைத் தானே இறுக்கினார். பிறகு கைப்பையின் வாரை முழங்கையில் மாட்டிக்கொண்டு, இரண்டு மூட்டைகளையும் மேசையிலேயே விட்டுவிட்டு, வெளியே போனார்.